பச்சையாக அரைத்து வடிகட்ட வேண்டாம்: முருங்கை இலையில் கோடை மோரும் சர்பத்தும்

கேள்வி: வணக்கமுங்க அக்கா. எங்களுக்கு மூலனூர் பக்கம் தோட்டம். இரண்டு ஏக்கர் செடிமுருங்கை, அதுபோக வாசல் ஓரம் மாமியார் நட்ட பழைய மரம் ஒன்று. காய்க்கு விலை இல்லாத நாளில் இலையாவது வீட்டுக்கு ஆகட்டுமே என்று, பச்சை இலையை மிக்ஸியில் அடித்து வடிகட்டி, எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன். நுரை நுரையாகப் பொங்கி, நிறமும் மங்கிப்போய், ஒரே கசப்பு. பையன் வாயில் வைத்ததும் துப்பிவிட்டான். வீட்டுக்காரர் வீணாகக் கூடாது என்று ஒரு சொம்பு குடித்தார், அன்றைக்கெல்லாம் வயிற்றால் போனது. கல்லூரியில் படிக்கும் மகளுக்கு ரத்தம் 9.4 தான் இருக்கிறது. இதைத் தினமும் குடித்தால் ஏறிவிடும் என்கிறார்கள். வீட்டுக்காரர் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். மாமியாருக்கு இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். வீட்டில் எல்லோரும் குடிக்கிற மாதிரி, வெயிலுக்கு இதமாக எப்படிச் செய்வது? பொடி செய்து வைத்துக்கொள்ளலாமா?

(தாராபுரம் வட்டத்திலிருந்து ஒரு வாசகி)

உணவியல் ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

செய்முறைக்குப் போகும் முன் உங்கள் மாமியார் விஷயம். அவருக்கு இந்தப் பானத்தைக் கொடுக்காதீர்கள். வால்வு மாற்றியவர்களுக்குத் தரும் வார்ஃபரின், அசினோகூமரால் போன்ற மாத்திரைகள் உடம்பில் வைட்டமின் கே செய்யும் வேலையைத் தடுத்துத்தான் ரத்தம் கட்டாமல் பார்த்துக்கொள்கின்றன. முருங்கை மாதிரியான கரும்பச்சைக் கீரைகளில் அந்த வைட்டமின் கே நிறையவே இருக்கிறது. எப்போதாவது ஒரு கரண்டி பொரியல் சாப்பிட்டு வந்தவர் திடீரென்று தினமும் ஒரு டம்ளர் இலைச்சாறு குடித்தால் மாத்திரையின் வேலை மட்டுப்படும், வால்வில் ரத்தம் கட்டும் ஆபத்து வரும். அதற்குப் பயந்து கீரையை ஒரேயடியாக நிறுத்துவதும் தப்பு. அப்போது அதே மாத்திரை அளவுக்கு மீறி வேலை செய்து ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். அவர் இத்தனை நாள் சாப்பிட்டுவந்த அளவை வைத்துத்தான், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்த்து டாக்டர் மாத்திரையின் அளவை முடிவு செய்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மாமியாருக்கு இஞ்சியும் பெருங்காயமும் தட்டிப் போட்ட வெறும் நீர்மோரைத் தனிச் சொம்பில் எடுத்து வையுங்கள். உப்பு எவ்வளவு, ஒரு நாளைக்குத் தண்ணீர் எவ்வளவு என்பதற்கும் இதய டாக்டர் சொன்னதே கணக்கு.

அடுத்து, எந்த மரத்து இலையைப் பறித்தீர்கள் என்று எழுதவில்லை. மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் காய்க்காகப் போடும் செடிமுருங்கையில் பழ ஈக்கும் மொட்டுப்புழுவுக்கும் தேயிலைக் கொசுவுக்கும் மருந்து அடிக்காதவர்கள் குறைவு. காய்க்கு அடிக்கும் மருந்து முதலில் படிவது இலையில்தான். காயைத் தோலோடு வேகவைத்து, உள்ளிருக்கும் சதையை வழித்துச் சாப்பிட்டுவிட்டுச் சக்கையைத் துப்புகிறோம். இலையையோ முழுசாக அரைத்துக் குடிக்கிறோம். ஆகவே தோட்டத்து இலை வேண்டாம், வாசல் மரத்து இலை மட்டும் போதும். அந்த ஒரு மரத்துக்கு ஸ்பிரேயர் போகக் கூடாது என்று வீட்டுக்காரரிடம் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 ரகமாக இருந்தாலும் நாட்டு மரமாக இருந்தாலும் இலையில் பெரிய வித்தியாசம் பார்க்க வேண்டியதில்லை. மருந்து படாத மரமா என்பதைப் பார்த்தால் போதும்.

இனி கசப்புக்கு வருவோம். முருங்கை, கடுகுக் குடும்பத்துக்குத் தூரத்து உறவு. கடுகை அரைத்தால் நெடி கிளம்புவதற்கு என்ன காரணமோ அதுவேதான் இங்கேயும். இலைக்குள் ஒரு பொருளும் அதை உடைக்கும் நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. பச்சையாக மிக்ஸியில் அடிக்கும்போது இரண்டும் கலந்து, காரமும் கசப்புமாக ஒரு நெடியை உண்டாக்குகின்றன. சுடுதண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் நொதி அடங்கிவிடும். அப்புறம் எவ்வளவு அரைத்தாலும் அந்த நெடி வராது. நுரை பொங்கியதற்கு, இலையிலுள்ள சபோனின் என்ற, சோப்பு மாதிரி நுரைக்கும் பொருள் காரணம். வீட்டுக்காரருக்கு வயிற்றால் போனதற்கு, வேகாத இலைச்சாற்றை ஒரு சொம்பு குடித்ததே போதுமான காரணம். சரியாகக் கழுவாத பச்சை இலையில் ஒட்டியிருக்கும் கிருமியும் சேர்ந்திருக்கலாம். முருங்கை சூடு என்று ஒரு பேச்சு உண்டு, சூட்டைத் தணிக்கும் என்று இன்னொரு பேச்சும் உண்டு. இலை எதையும் குளிர வைப்பதில்லை. கத்திரி வெயிலில் களை வெட்டிவிட்டு வருகிறவர் உடம்பிலிருந்து போனது தண்ணீரும் உப்பும். அவற்றைத் திருப்பிக் கொடுத்தால் உடம்பு தணியும். அதனால்தான் இலைச்சாறை டம்ளர் டம்ளராகக் குடிக்க வேண்டாம் என்கிறேன். நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் மோரிலும் பானகத்திலும் கூழிலும் ஒரு கைப்பிடி இலை சேரட்டும், அது போதும்.

முதலில் மோர். பனி உலர்ந்ததும் காலையில் ஈர்க்கோடு ஒடித்து வாருங்கள். வெயில் ஏறியபின் பறித்தால் போசிக்கு வருவதற்குள் துவண்டுவிடும். நுனிக்கொழுந்துக்கு அடுத்த இரண்டு மூன்று ஈர்க்கு இலை மோருக்கு ரொம்ப நன்றாக இருக்கும். அடியில் மஞ்சள் பாய ஆரம்பித்த முற்றிய இலையில் நாரும் கசப்பும் அதிகம். அகலமான போசியில் தண்ணீர் விட்டு, ஈர்க்கைப் பிடித்துத் தலைகீழாக அலசுங்கள். இலைக்கு அடிப்பக்கம் முட்டையும் நூலாம்படையும் ஒட்டியிருக்கும். இரண்டு மூன்று தண்ணீர் மாற்றினால்தான் அடியில் மண் தங்காமல் இருக்கும். அதற்குப் பிறகு உருவி, ஈர்க்கை ரசத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.

உருவிய இலை ஒரு கைப்பிடி, அதாவது 20 கிராம் அளவு போதும். இரண்டு டம்ளர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது போட்டு, மூடாமல் ஒரு நிமிடம் விடுங்கள். போட்ட சில நொடியிலேயே மங்கலான பச்சை போய், வாழைக்குருத்து மாதிரி பளிச்சென்று நிறம் எடுக்கும். பச்சை நெடி போய், வேகும் பயறு மாதிரி ஒரு வாசம் வரும். அதுதான் பதம். அதற்கு மேல் விட்டால் நிறம் கறுக்கும், வைட்டமின் சி-யும் தண்ணீரோடு போகும். உடனே அரித்தெடுத்து மண்பானைத் தண்ணீரில் போடுங்கள். மூடக் கூடாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. இலையிலிருந்து ஆவியாகும் லேசான அமிலம் மூடியில் பட்டுத் திரும்ப உள்ளேயே விழுந்தால் பச்சை மங்கிவிடும். வேகவைத்த தண்ணீரை ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள். கசப்பு இல்லையென்றால் மதியம் பருப்புக்கு ஊற்றிக்கொள்ளலாம், கசந்தால் மரத்தடியில் ஊற்றிவிடலாம்.

ஆறிய இலையோடு நெல்லிக்காய் அளவு இஞ்சி, அரைப் பச்சை மிளகாய், நாலு கறிவேப்பிலை, அரை டீஸ்பூன் வறுத்த சீரகம், அரை டீஸ்பூன் கல்லுப்பு சேர்த்து, முதலில் தண்ணீர் விடாமல் விழுதாக அரையுங்கள். பிறகு ஒரு டம்ளர் தயிர் விட்டு ஒரு சுற்று, மூன்று டம்ளர் குளிர்ந்த தண்ணீர் விட்டு மத்தால் ஒரு கடைசல். நாலு பேருக்குத் தாராளமாக வரும். வடிகட்டாதீர்கள், நன்றாக அரைபட்டிருந்தால் நாக்கில் திப்பி தட்டாது, இலையின் சத்தில் பெரும்பங்கும் அந்தத் திப்பியில்தான் இருக்கிறது. ஒரு சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கித் தூவினால் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் இரண்டாவது டம்ளர் கேட்பார்கள். காலையில் கலந்து வாய்க்கால் மேட்டில் கொண்டுபோய் வைத்தால் பதினொரு மணிக்கெல்லாம் புளித்துவிடும். விழுதையும் தயிரையும் தனித்தனியாக எடுத்துப் போய், குடிக்கும்போது கலக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் பையன் துப்பினான் என்று எழுதியிருந்தீர்கள். அவனுக்கு முதல் வாரம் அரைக் கைப்பிடி இலைக்கு மேல் போடாதீர்கள், மிளகாயும் வேண்டாம். ஒருமுறை கசந்த குழந்தை அந்த நிறத்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பும். வற்புறுத்தினால் கீரைப் பொரியலையும் சேர்த்து வெறுத்துவிடுவான். பெரியவர்கள் குடிப்பதைப் பார்த்து அவனாகக் கேட்கும்வரை விட்டுப் பிடியுங்கள்.

சர்பத்துக்கு வேறு பக்குவம். நீங்கள் எலுமிச்சை பிழிந்ததும் நிறம் மங்கியது பற்றிக் கவலை வேண்டாம், கெட்டுப்போனதல்ல அது. இலையின் பச்சைக்கு நடுவே மக்னீசியம் இருக்கிறது. புளிப்பு பட்டதும் அது கழன்றுவிட, நிறம் பழுப்பாகிறது. சூடும் புளிப்பும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் நடக்கும். ஆகவே மேலே சொன்னபடி வெந்த ஒரு கைப்பிடி இலையை ஒரு துண்டு இஞ்சியும் இரண்டு ஏலக்காயும் வைத்து அரைத்து, ஒரு லிட்டர் பானைத் தண்ணீரில் கரைத்து, நாலு டேபிள்ஸ்பூன் நாட்டுச்சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சையை டம்ளரில் ஊற்றியபின் பிழியுங்கள். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை கிடைத்தால் அதன் கரும்பு வாசமே முருங்கையின் வாசத்தை அடக்கிவிடும். வெள்ளைச் சர்க்கரையில் அது நடக்காது. ராமநவமிப் பானகத்தில் சுக்கு போடுகிற கைப்பழக்கம் இருந்தால் இஞ்சிக்குப் பதில் சுக்கு போடுங்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். இளநீரிலும் தெளுவிலும் (பதநீரிலும்) முருங்கை இலையைக் கலக்கச் சொல்கிறார்கள். வேண்டாம். அவை தம்மளவில் நிறைவானவை, கலந்தால் இரண்டின் ருசியும் போகும்.

கம்மங்கூழ் குடிக்கிற வீடாக இருந்தால் நான் முதலில் கைகாட்டுவது அதைத்தான். ராத்திரி கரைத்துப் புளிக்க வைத்த கம்பு மாவில் காய்ச்சிய கூழைக் காலையில் மோர் விட்டுக் கரைக்கும்போது, அரைத்த முருங்கை விழுதை ஒரு கரண்டி சேர்த்துவிடுங்கள். புளிக்கும்போது கம்பிலுள்ள ஃபைட்டேட் குறைகிறது. இரும்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாத பொருள் அது. தாகத்துக்கும் ஆச்சு, பசிக்கும் ஆச்சு. களை வெட்ட வருகிற ஆட்களுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுப்பதைவிட இதைக் கொடுப்பது எவ்வளவோ நல்லது.

மகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ் போனாலே ரத்தசோகை, 9.4 என்பது நடுத்தர அளவு. முருங்கைச் சாறால் இதைச் சரிசெய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கணக்குப் போட்டே பார்க்கலாம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் முருங்கை இலையில் இரும்பு ஏறத்தாழ நாலரை மில்லிகிராம். நீங்கள் போடும் ஒரு கைப்பிடியில் ஒரு மில்லிகிராம்கூட வராது, அதையும் நாலு பேர் பங்கிட்டுக் குடிக்கிறீர்கள். வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாள் தேவை என்று அதே நிறுவனம் 2020-ல் சொன்னது 29 மில்லிகிராம். கீரையில் இருக்கும் இரும்பிலும் உடம்பில் சேர்வது சிறு பங்குதான். ஆகவே அவளுக்கு இப்போது வேண்டியது டாக்டர் எழுதித் தரும் இரும்புச் சத்து மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகத் தருகிறார்கள். அதைவிட முக்கியம், ஏன் குறைந்தது என்று பார்ப்பது. மாதவிலக்கில் அதிகம் போகிறதா, எத்தனை நாள் போகிறது என்று நீங்களே அவளிடம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். இந்த வயசுப் பிள்ளைகள் கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். தோட்டத்தில் வெறுங்காலில் நடக்கும் பழக்கம் இருந்தால் கொக்கிப்புழு பாதம் வழியாகவே ஏறும். அதற்கும் மருந்து உண்டு, டாக்டரிடம் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

முருங்கை அவளுக்கு உதவாதா என்றால், உதவும். அவளுக்கு மோர் வடிவத்தைவிட எலுமிச்சை சர்பத் மேல். பாலிலும் தயிரிலும் இருக்கும் கால்சியம் இரும்பை உள்ளே விடாமல் தடுக்கும். எலுமிச்சையிலுள்ள வைட்டமின் சி கீரையின் இரும்பையும், கூடச் சாப்பிடும் கம்பு, பயறு, கொள்ளு இவற்றின் இரும்பையும் சேர்த்து ஏற்றிவிடும். அதனால் சர்பத்தைத் தனியாகக் குடிக்காமல் மதியச் சாப்பாட்டோடு குடிக்கட்டும். சாப்பிட்டதும் டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடச் சொல்லுங்கள். மாத்திரையை டீயோடும் பாலோடும் போட்டுக்கொள்ள வேண்டாம். மாத்திரை சாப்பிடும் நாளில் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை.

வீட்டுக்காரருக்கு மோர், கூழ் இரண்டும் சரி, கூழில் அளவு பார்த்துக்கொண்டால் போதும். சர்பத் வேண்டாம், நாட்டுச்சர்க்கரையும் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் ஏறும். முருங்கை இலை சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கும் என்கிறார்கள், அதை நம்பி மாத்திரையை விட்டுவிடக் கூடாது. ரத்தக்கொதிப்பும் இருந்தால் உப்பைப் பாதியாக்குங்கள். உச்சி வெயிலில் வேலை செய்கிறவர் தலைசுற்றி, பேச்சுக் குழறி, உடம்பு நெருப்பாகக் கொதித்தால் மோரையும் சர்பத்தையும் வாயில் ஊற்ற முயலாதீர்கள், புரையேறிவிடும். நிழலுக்குத் தூக்கிப் போய், உடம்பெல்லாம் ஈரத்துணி போட்டு விசிறிக்கொண்டே 108-க்குச் சொல்லுங்கள்.

பொடி செய்து வைக்கலாம், நன்றாகவே இருக்கும். வெயிலில் மட்டும் காயப்போடாதீர்கள். இலையின் நிறமும், வைட்டமின் ஏ ஆக மாறும் சத்தும் வெயிலில் போய்விடும். கழுவி நீர் வடிந்த இலையை வீட்டுக்குள் ஒரு வெள்ளை வேட்டியில், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, மின்விசிறி போட்டுவிடுங்கள். பங்குனி, சித்திரைக் காற்றில் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்தால் சரசரவென்று உடைந்து தூளாக வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, அப்படியே அரைத்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஒரு கிலோ பச்சை இலைக்கு 200 கிராம் பொடி வந்தாலே அதிகம். சலித்து, ஈரமில்லாத பாட்டிலில் இறுக மூடி, வெளிச்சம் படாமல் வையுங்கள். காயும்போது வைட்டமின் சி பெரும்பகுதி போய்விடும். கால்சியமும் இரும்பும் போகாது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன் போதும். பொடியை நேராகத் தண்ணீரில் போட்டால் கட்டி கட்டும். ஒரு கரண்டி மோரில் முதலில் குழைத்துவிட்டுப் பிறகு மீதி மோரை ஊற்றுங்கள். மாமியாருக்கு நான் சொன்னது பொடிக்கும் பொருந்தும், இன்னும் கூடுதலாகவே பொருந்தும். காய்ந்த இலையில் எல்லாமே சுண்டி நிற்கிறது.

பொடி வேண்டாம், பச்சையாகவே வேண்டும் என்றால் வெந்து அரைத்த விழுதை ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வைத்துவிடுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு கட்டி என்று எடுத்து மோரில் போட்டால் மோரும் குளிரும். கரண்ட் அடிக்கடி போகிற தோட்டத்து வீடு என்றால் இந்த வழி வேண்டாம்; உருகி உறைந்து உருகினால் கெட்டுப்போகும். இலையைத் தவிர வேர், பட்டை எதையும் பானத்தில் சேர்க்காதீர்கள், யார் சொன்னாலும் சரி.

கடைசியாக வாசல் மரம். முருங்கையை ஒடித்து வளர்க்கணும் என்பார்கள், பழமொழியின் முன்பாதி அது. பிள்ளையை அடித்து வளர்க்கச் சொல்லும் பின்பாதியை நான் ஏற்பதில்லை, முன்பாதி உண்மை. பழைய மரத்தில் இலை உச்சிக்குப் போயிருக்கும். முருங்கைக் கிளை சட்டென்று முறியும், பையனை ஏற்றிவிடாதீர்கள். காய் ஓய்ந்ததும் எட்டும் உயரத்துக்குக் கிளைகளை வெட்டி, வெட்டிய முகத்தில் சாணம் பூசிவிடுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டாமல் ஒரு பக்கத்தை இந்த மாதம், மறு பக்கத்தை அடுத்த மாதம் என்று வெட்டினால், கைக்கெட்டும் உயரத்தில் ஏதாவது ஒரு பக்கம் எப்போதும் துளிர் இருக்கும். கோடையில் வாரம் ஒருமுறை பாத்திரம் கழுவிய, சோப்பு கலக்காத தண்ணீரை அடியில் விட்டாலே துளிர்த்துக்கொள்ளும். மழை பிடித்ததும் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி கொத்துக் கொத்தாக ஏறும். அப்போது மருந்து தெளிக்காமல் ராத்திரி தீப்பந்தம் காட்டி உதிர்த்துவிடுங்கள், மரத்தைச் சுடாமல் பார்த்து. வெட்டிப் போட்ட கிளையை வெள்ளாட்டுக்குக் கட்டுங்கள், ஈர்க்குகூட மிச்சம் வைக்காது.